மெடேயாவைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த கதை: கேள்வி பதில்

(முதலில் ஒன்று: ‘மீடியா’ என்று எழுதினால் ஊடகம் என்றே படிக்கிறார்கள். ஆகவே மெடேயா. கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் நாயகி; தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகள் இருவரையும் கொல்பவள்.)

நாடகம் படிக்கும் மாணவி: யூரிபிடீஸ் கொலையை மேடையில் காட்டவில்லை. தொலைக்காட்சியில் காட்டித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கி.மு. 431இல் ஏதென்ஸ் மக்கள் கேட்டதெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த பிள்ளைகளின் அலறலைத்தான். 1988இல் டென்மார்க் தொலைக்காட்சிக்காக எடுத்த லார்ஸ் வான் ட்ரையர் அந்தக் கதவையே எடுத்துவிட்டார். வாளும் இல்லை. வெட்டவெளி, பட்ட மரம், கயிறு. ஓடிப்போகும் தம்பியைப் பிடித்துக்கொண்டு வருவது அண்ணன். தன் முறை வந்ததும் அவனே அம்மாவின் உதவியைக் கேட்கிறான். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் எழுந்து போய்விட்டேன். அலறலைவிட அந்தப் பணிவுதான் தாங்க முடியாதது.

இன்னொருவர்: திரைக்கதை அவருடையது இல்லையாமே?

மூலம் டென்மார்க்கின் முந்தைய தலைமுறை இயக்குநர் கார்ல் தியோடர் டிரையருடையது (பெயர் ஒத்தாலும் வேறு ஆள்). பிரெபென் தாம்சனுடன் சேர்ந்து எழுதியது. படமாக்காமலேயே 1968இல் டிரையர் காலமானார்.

படம் பார்த்த ஒருவர்: எனக்குக் கிடைத்தது மோசமான பிரதியா? எல்லாம் மங்கலாக இருக்கிறது.

பிரதியைக் குறை சொல்லாதீர்கள். வீடியோவில் எடுத்து, ஃபிலிமுக்கு மாற்றி, மறுபடி வீடியோவாக்கியிருக்கிறார். நிறம் வெளிறி, உருவங்கள் துகள் துகளாகி, சதுப்பு நிலமும் மூடுபனியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

குறும்பட இயக்குநர்: கிரேக்க நாடகத்தில் ஊராராகக் கூட்டமாக நின்று பேசிப் பாடும் கோரஸை என்ன செய்வது? சின்னத்திரையில் பதினைந்து பேர் கூட்டமாக நின்று பேசினால் பள்ளி ஆண்டு விழா போல் ஆகிவிடுகிறது.

வான் ட்ரையர் கழற்றிவிட்டார். பிரிட்டன் இயக்குநர் பீட்டர் ஹால் 1981இல் மேடையேற்றிய இன்னொரு கிரேக்க நாடகமான ‘ஓரெஸ்டெயா’வில் எல்லாரும் முகமூடி அணிந்திருந்தார்கள், பின்னர் அது பிரிட்டனின் சேனல் 4இல் அப்படியே வந்தது. முகமூடி தொலைவிலிருந்து பார்ப்பதற்கானது. கேமரா நெருங்கினால் அதில் அசைய ஒன்றுமில்லை. 1986இல் டான் டெய்லர் பிபிசிக்காக கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் தீப்ஸ் நகரை வைத்து எழுதிய நாடகங்கள் மூன்றையும் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்தார், கோரஸோடுதான். என் ஓட்டு அவருக்கே. கோரஸை வெட்டினால் கதை மிஞ்சும், ஊர் போய்விடும். கூட்டத்தைக் காட்ட வேண்டாம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகத்தைக் காட்டுங்கள்.

அதே மாணவி: நாடகத்தின் கடைசியில் மெடேயா தப்பிப்போகும் சூரியனின் தேர்?

வான் ட்ரையர் படத்தில் அது கப்பலாகிவிட்டது. படம் நெடுகக் கறுப்புக் குல்லாயில் இறுக்கி வைத்திருந்த தலைமுடியை மெடேயா கப்பலில்தான் அவிழ்க்கிறாள். கரையில் ஜேசன் புல்வெளியில் விழுந்து கிடக்கிறான்.