2023 கோடையில் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி பிரெட் வான்வ்லீட்டை ஏன் சும்மா போகவிட்டது? அந்தக் காசில் வேறொரு நல்ல ஃப்ரீ ஏஜென்டை (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய வீரரை) எடுத்திருக்கலாமே?

"அந்தக் காசு" என்று ஒன்று இருக்கவே இல்லை. கேட்டவர் என்பிஏ கூடைப்பந்து பார்க்கத் தொடங்கிக் கன காலம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். குறையாக எடுக்கவேண்டாம், அந்தக் கோடையில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், அதுவும் கத்திக் கேட்டார்கள்.

கணக்கு இதுதான். 2023-24க்கு சாலரி கேப், அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பு, 136 மில்லியன் டொலர். ஆனால் தன்னிடம் ஏற்கனவே இருக்கும் வீரரைத் திரும்ப எடுக்க ஒரு அணி அந்த வரம்பைத் தாண்டலாம். லாரி பேர்ட் பெயரில் "பேர்ட் உரிமை" என்பார்கள். வான்வ்லீட் தன் ஒப்பந்தத்தின் கடைசி வருடத்துக்கான ஏறக்குறைய 23 மில்லியனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஹூஸ்டன் 3 வருடத்துக்கு 130 மில்லியன் அளவில் கொடுத்தது. ராப்டர்ஸும் அந்தத் தொகையைக் கொடுத்திருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு மட்டும்தான் கொடுக்கலாம். பெட்டிக்கடைக்காரர் உங்கள் தம்பியின் முகத்துக்காகக் கொப்பியில் கடன் எழுதுகிறார் என்று வையுங்கள். தம்பி ஊரைவிட்டுப் போனபிறகு அந்தக் கடனில் நீங்கள் போய் அரிசி எடுக்க முடியாது. வான்வ்லீட் போனபிறகும் அணியில் மிச்சம் இருந்த சியாகமுக்குக் கிட்டத்தட்ட 38 மில்லியன், அனுனோபிக்கும் கேரி ட்ரென்டுக்கும் தலா 18க்கு மேல் என்று கணக்கு நிறைந்துதான் கிடந்தது. கையில் மிஞ்சியது, வரம்பைத் தாண்டிய அணியும் வெளி ஆளை எடுக்க விதி விடுகிற, மிட்-லெவல் எக்செப்ஷன் என்கிற 12.4 மில்லியன். அதில் வந்தவர்தான் டென்னிஸ் ஷ்ரோடர், 2 வருடம், ஏறக்குறைய 26 மில்லியன்.

ஆகவே பிழை ஜூலையில் நடக்கவில்லை. பெப்ரவரியில் நடந்தது.

"எல்லாம் முடிஞ்ச பிறகு ஆருக்கும் ஞானம் வரும்" என்று கீழே எழுதத் தயாராகிறவர்களுக்கு: நான் சொன்னது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தேதியோடு இருக்கிறது. 2023 பெப்ரவரி 9, ட்ரேட் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள்) முடிந்த பின்னேரம். அதற்கு முன் ஒரு பழைய கதை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அணி ஏன் அப்படிச் செய்தது என்று விளங்காது.

2020 நவம்பர். இபாக்காவும் மார்க் காசோலும் ஒரே கோடையில், இல்லை, கொரோனாவால் அது கார்த்திகை மாதம், போய்விட்டார்கள். ஒருவர் கிளிப்பர்ஸ், மற்றவர் லேக்கர்ஸ். 2019 கிண்ணம் வாங்கித் தந்த இரண்டு சென்டர்களும் (வளையத்தடியில் நிற்கிற பெரிய ஆட்கள்) ஒரே வாரத்தில் இல்லை. 2021 கோடையில் மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸுக்கு இடம் வைக்கவேண்டும் என்றுதான் நீண்ட ஒப்பந்தங்களைத் தவிர்த்தார்கள் என்று இங்கே எல்லாரும் கதைத்தார்கள். அடுத்த மாதமே யானிஸ் மில்வாக்கியோடு 5 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்கள் எடுத்தது ஆரோன் பெயின்ஸை. ஃபீனிக்ஸில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது மூன்று புள்ளி போட்ட மனிதர், நல்ல பேரம் என்றுதான் நானும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

அந்த வருடம் எல்லை மூடியிருந்ததால் "சொந்த ஊர்" ஆட்டம் எல்லாம் புளோரிடாவில் டாம்பாவில். நான் ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். என்னோடு நிற்கிற பிலிப்பீன்ஸ்காரப் பெடியனுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ட்ரே அடுக்குகிற ராக்கையில் போனைச் சாய்த்துவைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். எங்கள் அணி லௌரி எதிரணியில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு உள்ளே போய், வளையத்துக்குக் கீழே தனியாக நிற்கிற பெயின்ஸிடம் பந்தைக் கொடுப்பார். பந்து அவர் கையில் பட்டு, முழங்காலில் பட்டு, கோட்டுக்கு வெளியே போகும். ஒருமுறை அந்தப் பெடியன் ஒன்றும் பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ட்ரே தள்ளப் போய்விட்டான். ஆட்டத்தில் இன்னும் பாதி இருந்தது. அந்த சீசன் 27 வெற்றி, 45 தோல்வி.

அதன்பிறகு சென்டரே வேண்டாம் என்பதுபோல, எல்லாரும் 6 அடி 9 அங்குலம், எல்லாரும் எல்லாரையும் காப்பது என்று ஒரு பரீட்சை. எதிரணியில் உண்மையான பெரிய ஆள் ஒருவர் இருந்தால் எங்கள் கதை கந்தல். ஆக 2023 பெப்ரவரியில், தோல்வி வெற்றியைவிடக் கூடுதலாக இருக்கிற நேரத்தில், ஊரே வான்வ்லீட்டை விற்பார்கள், அனுனோபியை விற்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க, அணியின் அப்போதைய தலைவர் மசாய் உஜிரி ஆள் வாங்கினார். யாக்கோப் போல்ட்டல், 2018இல் கவாய் லெனார்டை எடுக்க டிரோசனோடு சேர்த்து அனுப்பிய அதே போல்ட்டல். விலை: கெம் பர்ச் என்கிற வீரர், டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், அதோடு 2024 முதல் சுற்றுத் தேர்வு. அது முதல் ஆறுக்குள் விழுந்தால் மட்டும் எங்களுக்கு.

நான் குழுவில் போட்டது: "வாங்கினது சரி, விக்காமல் விட்டது பிழை. பிரெட் ஜூலையில போவான், பதிலுக்கு ஒரு சதமும் வராது." மச்சான் சிரிக்கிற முகம் ஆறு போட்டு, "அத்தான், போல்ட்டல் வந்தாச்சு, பிளே-ஓஃப் உறுதி" என்றார். மச்சான் நல்ல மனிதர், இதை வாசித்தால் கோபப்படமாட்டார்.

போல்ட்டல் நன்றாகத்தான் விளையாடினார், அதை மறுக்கவில்லை. 41-41 என்று முடித்து, சிகாகோவோடு சொந்த மண்ணில், பிளே-ஓஃப் என்கிற வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைய ஒரு பிளே-இன் ஆட்டம். 19 புள்ளி முன்னுக்கு நின்ற ஆட்டம். ஃப்ரீ த்ரோ 36 கிடைத்தது, 18 தவறியது. சிகாகோவுக்கு விளையாடிய டிரோசனின் சின்ன மகள் ஒவ்வொரு எறிதலுக்கும் கீச்சிட்டுக் கத்தியது உலகப் பிரசித்தம். ஆனால் குழந்தை மீது பழிபோடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, காசு வாங்குகிறவன் போடவேண்டும். 109-105, சிகாகோவுக்கு வெற்றி. பயிற்சியாளர் நிக் நர்ஸ் வீட்டுக்கு.

சந்தை திறந்த கையோடு பிரெட் ஹூஸ்டன் போனார். அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2016இல் டிராஃப்டில் ஒருத்தரும் எடுக்காத பெடியன், 2019 இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி, அதில் 12 கடைசிக் கால்பகுதியில். டெக்சாஸில் மாநில வருமான வரியும் கிடையாது. நான் என்றாலும் போயிருப்பேன். அவர் போனபிறகு அணிக்கு வேறு வழி இல்லை, தேர்வுகளைக் கொட்டி வாங்கிய போல்ட்டலையாவது விடக்கூடாது என்று 4 வருடத்துக்கு 80 மில்லியன் அளவில் எழுதினார்கள். அடுத்த சீசன் 25-57. டிராஃப்ட் வரிசையைக் குலுக்கிப் போடுகிற லாட்டரியில் ஆறாம் இடத்தில் நின்ற நாங்கள் எட்டாம் இடத்துக்குச் சரிந்து, அந்தத் தேர்வும் சான் அன்டோனியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. சியாகம், அனுனோபி இருவரையும் அந்தக் குளிர்காலத்திலேயே ட்ரேட் செய்தார்கள். அவர்களுக்காவது பதிலுக்கு ஏதோ வந்தது.

உஜிரியை நான் இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். 2019 கிண்ணம் அவர் இல்லாமல் இல்லை. அந்த மனிதர் படம் என் கராஜில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு முடிவு பிழை என்றேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எங்கள் ஆட்களோடு கதைக்கவே முடியாது என்பது தனிக் கவலை. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் ஒன்று இங்கே கோடைக்குக் கோடை விளையாட்டுப் போட்டி வைக்கிறது. பெயர் வேண்டாம். பெடியளுக்கு கிரிக்கெட், கரப்பந்து. பெட்டையளுக்கு வலைப்பந்து. என் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்ட், பந்தைத் தட்டிக்கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். ஒரு மூலையில் ஒரு வளையம் வையுங்கோ, நானே வாடகைக்கு எடுத்துத் தாறன் என்றேன். "தம்பி, எங்கட பிள்ளையளுக்கு உது பழக்கமில்லை" என்றார் ஒரு ஐயா. பிறந்தது ஸ்காபரோவில், பின்வளவில் வளையம், எது பழக்கமில்லை? வலைப்பந்தைக் குறை சொல்லவில்லை. தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்த விளையாட்டு அது, எனக்கும் பெருமைதான். ஆனால் டிரிபிள் பண்ணத் தெரிந்த பிள்ளையிடம் பந்தைத் தட்டாதே என்று சொல்லி நிறுத்தினால் அவள் என்ன செய்வாள்? வந்து காருக்குள் இருந்துவிட்டாள். அடுத்த வருடம் நாங்கள் போகவில்லை.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி. அந்த 12.4 மில்லியனில் யாரை எடுத்திருக்கலாம்? ஷ்ரோடர் மோசமில்லை, அந்த செப்டம்பரிலேயே ஜெர்மனியோடு உலகக் கிண்ணம் வென்று தொடரின் சிறந்த வீரராகவும் வந்தவர். ஆனால் அணியின் நோய் தூர எறிதல், அதற்கு அவர் மருந்தில்லை. என் தெரிவு டான்டே டிவின்சென்சோ. நியூயோர்க் நிக்ஸ் அவரை 4 வருடத்துக்கு 50 மில்லியனுக்கும் குறைவாக எடுத்தது, அதே மிட்-லெவலுக்குள் அடங்குகிற சம்பளம். முதல் சீசனிலேயே 283 மூன்று புள்ளிகள், நிக்ஸ் அணிக்கு அது சாதனை. கல்லூரியில் கூட விளையாடிய பிரன்சனும் ஹார்ட்டும் அங்கே இருந்ததால் ரொறன்ரோ கேட்டிருந்தாலும் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கேட்டுப் பார்த்திருக்கலாம்.

போல்ட்டலுக்கு 2025இல் கொடுத்த ஒப்பந்த நீட்டிப்பைப் பற்றி இங்கேயே கேட்காதீர்கள். தனிக் கேள்வியாகப் போடுங்கள், வருகிறேன்.