வெய்ல் கெட்டவனா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடியிருப்பில் பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து மாதம் ஒரு நூல் படித்துப் பேசுகிறோம். பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதினான்கு வயது. இந்த மாதம், விலங்குகளே பாத்திரங்களாக வரும் பிரையன் ஜேக்ஸின் ரெட்வால் நாவல் வரிசையிலிருந்து ‘அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்’ (ரெட்வாலிலிருந்து விலக்கப்பட்டவன்) எடுத்தோம். பேச்சு கடும் வாக்குவாதமாகிவிட்டது. தலைப்பில் இருப்பவனுக்கு நூலுக்குள் இடமே இல்லை என்றார் ஒருவர். ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்று படிக்கும் பிள்ளைகளிடம், பிறந்த இனம்தான் குணம் என்று சொல்லும் கதையைக் கொடுக்கலாமா என்று கேட்டார் இன்னொருவர். வரிசையில் பல நூல்களைப் படித்திருந்த ஒருவர், எல்லாம் ஒரே கதைதானே என்று முடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு வல்லூறும் விருந்தும் பிடித்திருக்கின்றன. மண்ணைத் தோண்டி வாழும் மோல்களின் பேச்சு மட்டும் புரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மேலே படிப்பதென்றால் எதைப் படிப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் குழுவில் எழுந்த முதல் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்பது என் எண்ணம். இந்த நாவல் ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக இருக்க வேண்டிய ஆண்டுகளை எழுதாமல் தாண்டிவிடுகிறது. படிக்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1995இல் வந்த இந்நூல் வரிசையில் எட்டாவது. ஸ்வார்ட் என்ற ஃபெரட் (கீரியைப் போன்ற சிறு விலங்கு), ஒரு கையில் ஆறு நகம் கொண்ட கொள்ளைக்கூட்டத் தலைவன், இளம் பேட்ஜர் (வளைக்கரடி) ஒன்றைக் கட்டிவைத்து அடிமையாக நடத்துகிறான். ஸ்கார்லத் என்ற வல்லூறும் அவனிடம் சிக்க, இரண்டும் சேர்ந்து தப்புகின்றன. போகும்போது பேட்ஜர் ஸ்வார்ட்டின் ஆறுநகக் கையை அடித்து நொறுக்குகிறது. அதுதான் சன்ஃப்ளாஷ். அந்தப் பகை கடைசிப் பக்கம் வரை போகிறது. இடையில் ஸ்வார்ட்டுக்கு ஒரு மகன் பிறக்கிறான், தாய் இறக்கிறாள், குழந்தை கைவிடப்பட்டு ரெட்வால் மடத்துக்கு வந்துசேர்கிறது. பிரையோனி என்ற இளம் சுண்டெலி அவனை வளர்க்கிறாள். அவன்தான் வெய்ல். திருடுகிறான், பொய் சொல்கிறான், கடைசியில் மடத்தின் சமையல்காரருக்கு நஞ்சு வைக்க முயன்று பிடிபட்டு வெளியேற்றப்படுகிறான். பிரையோனி அவனைத் தேடிப் போகிறாள். முடிவில் ஸ்வார்ட் அவளை நோக்கி ஈட்டியை எறியும்போது வெய்ல் குறுக்கே பாய்ந்து உயிரை விடுகிறான். அதன்பிறகு பிரையோனி வந்துசேரும் முடிவு, அவன் கெட்டவன்தான் என்பது.

வாசகர்களை முப்பது ஆண்டுகளாகச் சண்டைபோட வைப்பது இந்தக் கடைசிக் கூற்று. அவன் செத்தது அவளுக்காக. செயல் ஒன்றைச் சொல்ல, வளர்த்தவளின் வாய் வேறொன்றைச் சொல்கிறது. அவளைப் பேசவைத்த ஆசிரியர் அங்கே அவள் பக்கம் நிற்கிறார் என்றுதான் நானும் படிக்கிறேன். ஆனால் ஒரு நாவல் தன் பாத்திரம் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதல்ல. ஈட்டியின் முன் பாய்ந்த உடல் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. அதை ஆசிரியரால் திரும்ப எடுக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைகள் அந்த முரணைப் பிடித்துக்கொண்டால் நூலைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

இனி, அமைப்பில் எங்கே இடறுகிறது என்று பார்ப்போம். நூலின் முதல் பெரும்பகுதி சன்ஃப்ளாஷுக்கும் ஸ்வார்ட்டுக்கும் உரியது. வெய்ல் கைக்குழந்தையாக மடத்துக்குள் வருகிறான். அவனுக்குப் பெயர் வைக்கும் பாட்டிலேயே, தீயவனாகிவிடுவானோ என்ற ஆரூடம் சேர்ந்துவருகிறது. அடுத்து அவனை நெருங்கிப் பார்க்கும்போது வளர்ந்தவனாக, சந்தேகத்துக்கு உள்ளானவனாக நிற்கிறான். நடுவில் இருந்த பருவங்கள் எங்கே? முதல் திருட்டு எது, அன்று யார் என்ன சொன்னார்கள், மற்றக் குட்டிகள் அவனை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா, திருடாத நாளிலும் அவன்மீது பழி விழுந்ததா? இவற்றுக்குக் காட்சிகள் இருந்திருந்தால், இயல்பா வளர்ப்பா என்று வாசகர் எடைபோடலாம். இல்லாததால், ஃபெரட் என்பதால்தான் இப்படி என்ற விடை ஒன்றே மிஞ்சுகிறது. தலைப்பிலிருப்பவனுக்கு இடமில்லை என்ற குறையும், பிறப்புதான் குணம் என்கிறது என்ற குறையும் இங்கேதான் சேருகின்றன.

ஜேக்ஸால் இப்படிப்பட்ட காட்சிகளை எழுத முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு முந்தைய ஆண்டு, 1994இல் வந்த ‘தி பெல்மேக்கர்’ நாவலில் பிளாகட் என்ற கடற்கொள்ளை எலி வருகிறான். கப்பல்தலைவன் ஸ்லிப்புடன் மடத்தில் திருட வந்தவன். மடத்துச் சிறுகுட்டிகளோடு பழகிப் பழகி அவர்களுக்குத் தோழனாகிறான். குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் முதிய பேட்ஜர் தாயை ஸ்லிப் கொன்றதும், பிளாகட் அவனைத் தன் கையாலேயே கொல்கிறான், திருடிய கோப்பையைத் திருப்பித் தருகிறான். அந்த மாற்றத்தை நாம் நம்புகிறோம். குட்டிகளோடு அவன் கழித்த நேரத்தை ஆசிரியர் நமக்குக் காட்டியிருக்கிறார். 1996இல் வந்த ‘பேர்ல்ஸ் ஆஃப் லுட்ரா’வில் ரோம்ஸ்கா என்ற ஃபெரட் கொள்ளைக்காரி, சிறைப்பட்ட மடத்தலைவரைக் காப்பாற்ற நிற்கிறாள். 1988இன் ‘மாஸ்ஃப்ளவர்’ நாவலில் கொடுங்கோல் அரசி ஸார்மினாவின் சொந்தச் சகோதரன் ஜிஞ்சிவர், காட்டுப்பூனையாக இருந்தும் நல்லவன். வெய்லுக்கு முன்னும் பின்னும் விதிவிலக்குகள் உண்டு என்பதை உங்கள் குழுவில் இரண்டாவதாகப் பேசியவரிடம் சொல்லுங்கள்.

ஆனாலும் அவர் கேள்வி விழுந்துவிடாது. வெய்ல் கதைக்குப் பரிகாரமாகச் சிலர் 2001இல் வந்த ‘டாகரங்’ நாவலைக் காட்டுவார்கள். நீர்நாய்க் குட்டி டெய்னாவை ஜஸ்கா என்ற நாடோடிக் கொள்ளைக்கூட்டம் கவர்ந்துபோய் வளர்க்கிறது. தலைவன் சானி ராத் ஒரு ஃபெரட். டெய்னா அவர்களின் தலைசிறந்த போர்வீரனாகிறான். ஆனால் திருடிய நரி ஒன்றின் தோலை உரிக்கச் சொன்னதும் மறுத்து வெளியேறுகிறான். வெய்ல் கதையின் நேர் மறுபக்கம், நாவலாகவும் இதைவிட நன்றாக அமைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்லவர்களிடம் வளர்ந்த ஃபெரட் கெட்டுப்போகிறான். கெட்டவர்களிடம் வளர்ந்த நீர்நாய் கெடவில்லை. இது பரிகாரமாகாது. பிறப்புதான் என்ற விடையை இன்னும் இறுக்குகிறது. 22 நாவல்கள் கொண்ட வரிசையில் விதிவிலக்குகள் சில, விதி அப்படியேதான் இருக்கிறது. இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் நான் இந்நூல்களைப் பரிந்துரைக்கிறேன்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. ஜேக்ஸ் லிவர்பூல்காரர். அங்கே பார்வையற்றோருக்கான பள்ளிக்குப் பால் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டினார். அந்தப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டத்தான் முதல் நாவலை எழுதினார். அவருடைய பழைய ஆங்கில ஆசிரியர் ஆலன் டர்பண்ட் கையெழுத்துப்படியை அவரிடம் சொல்லாமலே பதிப்பாளரிடம் காட்ட, 1986இல் ‘ரெட்வால்’ வெளிவந்தது. காதால் கேட்கும் பிள்ளைக்கு, வாயைத் திறந்ததுமே பேசுவது யார் என்று தெரிய வேண்டும். அதனால் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல்: மோலுக்குக் கிராமத்துக் கொச்சை, முயலுக்குப் பழைய ராணுவ அதிகாரியின் மிடுக்கு, எலிக்கொள்ளையருக்குத் துறைமுகப் பேச்சு. விருந்துகளில் மணமும் சுவையும் அவ்வளவு நீளமாக வருவதும் இதனால்தான். குரலை இனத்தோடு கட்டிய கை, குணத்தையும் அதோடு சேர்த்தே கட்டிவிட்டது. கேட்பதற்கு மிக வசதியான அந்த ஏற்பாட்டில், மடத்தில் வளரும் ஃபெரட் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. வெய்லைக் கொண்டுவந்தபோது ஜேக்ஸ் தன் ஏற்பாட்டையே சோதனைக்கு உட்படுத்தினார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

எல்லாம் ஒரே கதை என்பவருக்கு: வார்ப்பு ஒன்றுதான், மறுப்பதற்கில்லை. மூன்று பாகங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக மாறும் இரண்டு மூன்று கதைச்சரடுகள், ஒரு முற்றுகை, ஒரு பயணம், விடுகதைப் பாட்டு, முடிவில் விருந்து. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம்தான் 300 பக்க ஆங்கில நாவலைக் கடக்கப் பிடிமானம் தருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து படித்தால் அலுக்கும். ஒரு ரெட்வாலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வேறு வகை நூல் குறைந்தது இரண்டு வரட்டும்.

வரிசை விஷயத்தில் ஒரு பிசகு நடந்திருக்கிறது. ‘அவுட்காஸ்ட்’ முதலில் எடுக்க வேண்டிய நூல் அல்ல. அதில் வரும் முதிய பேட்ஜர் பெல்லா சன்ஃப்ளாஷின் தாய். அவளையும், தொலைந்த மகனை நினைத்திருக்கும் அவள் துயரத்தையும், எரிமலைக் கோட்டை சாலமண்டாஸ்ட்ரானில் போரிட்ட, ‘போர்’ (Boar) என்ற பெயருடைய அவள் தந்தையையும் நாம் அறிவது ‘மாஸ்ஃப்ளவர்’ நாவலில். அதைப் படிக்காதவருக்கு இவையெல்லாம் வெறும் தகவலாகக் கடந்துபோகும். முதலில் ‘ரெட்வால்’, அடுத்து ‘மாஸ்ஃப்ளவர்’, பிறகு ‘மாட்டிமியோ’. இந்த மூன்றும் முடிந்தபின் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கதைக்காலப்படி அடுக்கி ‘லார்ட் பிராக்ட்ரீ’யில் தொடங்கச் சொல்வார்கள். வேண்டாம். அது 2000இல் எழுதப்பட்டது. சாலமண்டாஸ்ட்ரானின் பெயரைக் கேட்டதும் மனம் நிமிரும் வாசகரை எதிர்பார்த்து எழுதப்பட்டது. முதல் நாவலில் எலிப்படை குதிரை பூட்டிய வைக்கோல் வண்டியில் வரும், பிந்தைய நூல்களில் அப்படிப்பட்ட மனித உலகப் பொருள்கள் இருக்காது. பிள்ளைகள் கேட்டால், ஆசிரியர் உலகத்தை முழுதாக முடிவுசெய்யும் முன் எழுதிய நூல் அது என்று சொல்லிவிடலாம்.

மோல் பேச்சுக்கு அகராதி உதவாது. கண்ணால் படிப்பதை நிறுத்திவிட்டு உரக்கப் படிக்க வேண்டும். ‘எஸ்’ ஒலி ‘இஸட்’ ஆகும், ‘எஃப்’ ‘வி’ ஆகும், ‘ஐ’ என்பது ‘ஓய்’ ஆகும். ‘ஸர்’ என்று எழுத்தில் ‘இஸட்’ போட்டிருந்தால் அது நம் ‘சார்’தான். இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள்; ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும். இன்னும் எளிய வழி, ஜேக்ஸே கதைசொல்லியாக நடிகர் குழுவோடு பதிவுசெய்த ‘ரெட்வால்’ ஒலிநூல். 1999இல் தொடங்கிய கனடாவின் 39 அத்தியாய அனிமேஷன் தொடரும் உண்டு.

வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த நாவல்களில் பிரியமான பாத்திரங்கள் சாகும், மெல்லச் சொல்லி ஆறுதல் தந்துவிட்டுச் சாவதில்லை. முதல் நூலில் முதிய மெத்தூசலா ஒரு நரி அடித்ததில் இறந்துபோகிறார். ‘மார்ட்டின் தி வாரியர்’ முடிவு இன்னும் கடுமை. பத்து வயதுக்காரர்களுக்கு அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த ஸ்கார்லத்தின் முடிவை இந்நேரம் படித்திருப்பார்கள். அதைப் பற்றிப் பேச விடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ‘அவுட்காஸ்ட்’ விவாதத்தைத் தொடர நினைத்தால் இப்படிச் செய்யலாம். வெய்ல் செய்ததாக நூலில் நேரடியாகக் காட்டப்பட்டவை ஒரு பக்கம், அவனைப் பற்றி மற்றவர்கள் சொன்னவை மறுபக்கம் எனப் பிள்ளைகளே எழுதட்டும். நஞ்சு வைத்தது முதல் பக்கத்தில் வந்தாக வேண்டும். அதை மழுப்ப விடாதீர்கள். ஈட்டியும் அதே பக்கத்தில்தான் வரும். பிறகு பிரையோனியின் கடைசிப் பேச்சை ஒருவர் உரக்கப் படிக்க, அவள் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறாள் என்று கேளுங்கள். பெரியவர்கள் அதுவரை பேசாமல் இருந்தால் நல்லது. அது முடிந்தபின் ‘பெல்மேக்க’ரை எடுங்கள், பிளாகட் அதில் இருக்கிறான்.

அன்புடன்,
ஆசிரியர்