இடுப்பு வரை முடி, கையில் ஐந்து நிமிடம்: என்ன செய்யலாம்?

"நான் வேலைக்குப் போகிறவள். வட்ட முகம், இடுப்பு வரை முடி. காலையில் தலைக்கென்று ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது, ஆனால் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும். என்ன மாதிரி தலை அலங்காரம் சரிவரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பியூட்டி பார்லர் வேலை எதுவும் கற்றவள் இல்லை. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். "நீ யாரம்மா சொல்வதற்கு" என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இடுப்பு நீளத்திலிருந்து மொட்டை வரைக்கும், மொட்டையிலிருந்து மறுபடி தோள் வரைக்கும் எல்லா அளவையும் என் தலையிலேயே வைத்துப் பார்த்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மெஸ்ஸி பன் போடுங்கள், ஃபிஷ்டெயில் போடுங்கள் என்று படம் போட்டுச் சொல்கிறவர்களுக்கு அந்தத் தகுதியாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இடுப்பு வரை உள்ள முடியை உச்சியில் சுருட்டி வைத்துக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்திருந்தால் அந்தப் படத்தைப் போட்டிருக்கவே மாட்டார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். குக்கர் ஒரு பக்கம் விசிலடிக்கும், டிபன் பாக்ஸ் மூடி ஒன்று காணாமல் போயிருக்கும், எல்லாரையும் கிளப்பி அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் கண்ணாடி முன்னால் வந்து நிற்பீர்கள். அப்போது பார்த்துத்தான் சீப்பு முடியில் போய் மாட்டிக்கொள்ளும். பின்னுவதற்கு ஒன்றும் ஐந்து நிமிடம் ஆகாது, கை பழகிவிட்டால் எவ்வளவு நீளமான முடியையும் இரண்டே நிமிடத்தில் பின்னி முடித்துவிடலாம். நேரத்தைத் தின்பதெல்லாம் சிக்கு எடுக்கிற வேலை. அந்த வேலையைக் காலையிலிருந்து தூக்கி ராத்திரிக்குப் போட்டுவிடுங்கள். படுக்கும் முன் அகலப்பல் சீப்பால் முதலில் நுனி, அப்புறம் நடு, அப்புறம் வேர் என்று கீழேயிருந்து மேலே போய்ச் சிக்கெடுத்து, தளரத் தளர ஒரு பின்னல் போட்டுக்கொண்டு படுங்கள். தலைவிரித்துப் படுத்தால் பேய் பிடிக்கும் என்று பாட்டிமார் மிரட்டியதற்குக் காரணம் இந்தச் சிக்காகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம். கிழிந்த பட்டுப் பாவாடை வீட்டில் இருந்தால் அதில் ஒரு தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள், பருத்தி உறையைவிட முடி குறைவாக உரசும். காலையில் அந்தப் பின்னலை அவிழ்த்து மேலாக ஒருமுறை வாரினால் போதும்.

சரி, மொட்டைக் கதைக்கு வருகிறேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தால் பழனியில் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நன்றாகிவிட்டாள். "பொம்பளைங்க பூமுடி குடுத்தா போதும் அண்ணி, நுனியில கொஞ்சம் கத்தரிச்சா முருகன் ஏத்துக்குவாரு" என்றாள் நாத்தனார். வேண்டிக்கொண்டபோது நுனி என்று சொல்லவில்லையே, நான் முழுசாகத்தான் கொடுப்பேன் என்று அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை இருந்த முடி. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு மலையேறியபோது வழியில் பார்த்த பெண்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் திரும்பி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் காலை நேரம் எவ்வளவு பெரியது என்றே தெரிந்தது. ஒரு சொம்பு தண்ணீர், ஒரு துண்டு, அவ்வளவுதான். சாவகாசமாக உட்கார்ந்து காபி குடித்தேன், கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஆபீசில் முதல் வாரம் பரிதாபமாகப் பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

பிறகு அது வளர ஆரம்பித்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால்தான் வளரும். எந்த எண்ணெய் விளம்பரம் என்ன சொன்னாலும் கணக்கு இதுதான். ஆகவே ஒவ்வொரு நீளத்தோடும் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. பையன் கிராப்பு மாதிரி இருந்தவரை சுகம். காதை மூடுகிற அளவுக்கு வந்ததும் நரகம், கட்டவும் முடியாது, விடவும் முடியாது, ஹேர்பேண்டும் டிக்டாக் பின்னும்தான் கதி. தாடை வரை வந்தபோது பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது, பாப் கட் என்று ஆபீசில் பாராட்டினார்கள், ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு பக்கம் படிந்தும் மறு பக்கம் கிளம்பியும் நிற்கும், மே மாத வேர்வையில் கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். குட்டையாக வெட்டினால் வேலை குறைவு என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பாப் கட்டுக்குத் தினமும் படிய வைக்கிற வேலை உண்டு, ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்லருக்குப் போய் வடிவத்தைச் சரிசெய்கிற செலவும் உண்டு. அது போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வருடம் தோளைத் தாண்டி நாலு விரல் கீழே வந்தது. பின்னவும் வரும், சுருட்டினால் ஒரே கிளட்சில் அடங்கும், அலசினால் சீக்கிரம் காயும். இங்கேயே நிற்கட்டும் என்று அந்த நீளத்தில் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தேன், இன்றுவரை அதே நீளம்தான்.

அங்கேதான் பிரச்சினை வெடித்தது. மொட்டை போட்டபோது புண்ணியவதி என்று சொன்ன அதே வாய்கள், நானாக விரும்பி வெட்டிக்கொண்டதும் "குடும்பப் பொம்பளை மாதிரியா இருக்கு" என்றன. மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முருகனுக்குக் கொடுத்தால் சரி, நான் வேலைக்குப் போகிற எட்டே கால் ரயிலுக்குக் கொடுத்தால் தப்பு. இதற்கு எனக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. முடி நீளமாக வைத்திருக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். என் அம்மாவுக்கு இந்த வயதிலும் இடுப்பைத் தாண்டித் தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்துக் குளித்து, மாடியில் நின்று சாம்பிராணி காட்டிக் காயவைக்கிறார். அழகாகத்தான் இருக்கும். அவருக்கு ரயில் இல்லை.

உங்களை வெட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. இடுப்பு வரை முடியோடு ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டுமென்றால், முதலில் வகிட்டைக் கவனியுங்கள். வட்ட முகத்துக்கு நேர் நடுவில் வகிடு எடுத்து இரண்டு பக்கமும் எண்ணெய் போட்டுப் படிய வாரினால் முகம் இன்னும் வட்டமாகத்தான் தெரியும். அதை ஓரமாகத் தள்ளுங்கள், புருவம் வளைகிற இடத்துக்கு நேர் மேலே. அப்புறம் உச்சியில் முடியைச் சீப்புக் காம்பால் லேசாகத் தூக்கிவிடுங்கள், அரை அங்குலம் எழும்பினால் போதும், முகம் கொஞ்சம் நீண்டு தெரியும். நீள முகம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அவர்களுக்கு உச்சி படிந்தும் காதோரம் கொஞ்சம் பரந்தும் இருப்பதுதான் நல்லது. நெற்றி அகலமானவர்களுக்கும் ஓர வகிடுதான் சரி. அலங்காரத்தில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து, இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மீதிப் பாதிக்கு நான் பார்த்தவரை இரண்டு வழிகள் போதும். ஒன்று, காதுக்கு மேலே இருக்கிற முன்முடியை மட்டும் இரண்டு பக்கமும் பின்னால் எடுத்து ஒரு சின்ன கிளட்ச் போட்டுவிட்டு, மீதியோடு சேர்த்துத் தளர்வாக ஒற்றைப் பின்னல். சேலைக்கும் பொருந்தும், சுடிதாருக்கும் பொருந்தும். இரண்டாவது, கழுத்தடிக் கொண்டை. நீள முடியை அப்படியே முறுக்கிச் சுற்றினால் மத்தியானத்துக்குள் சரிந்துவிடும். முதலில் பின்னி, நுனியில் ரப்பர் பேண்ட் போட்டு, பின்னலைத் தட்டையாகச் சுற்றி, நாலு பக்கமும் யு பின்னை வெளியிலிருந்து நடுவை நோக்கிச் செருகினால் சாயங்காலம் வரை அசையாது. உச்சிக் கொண்டை வேண்டாம். இடுப்பு வரை உள்ள முடியின் கனம் முழுவதும் ஒரே இடத்தில் தொங்கினால் தலை வலிக்கும்.

ஸ்கூட்டியில் போகிறவராக இருந்தால் கொண்டை ஹெல்மெட்டின் பின் விளிம்புக்குக் கீழே வர வேண்டும், இல்லையென்றால் ஹெல்மெட் முன்னால் தள்ளிக்கொண்டு கண்ணை மறைக்கும், அது ஆபத்து. நான் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை வெறும் பின்னலோடு, உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் போட்டு ஓட்டுவேன். மீதியெல்லாம் ரயிலில். கூடுவாஞ்சேரியில் ஏறினால் பெருங்களத்தூர் வருவதற்குள் வகிடு, கிளட்ச், பூ எல்லாம் முடிந்துவிடும். மகளிர் பெட்டியைப் பற்றித் தெரியாதவர்கள் சிரிக்கலாம். அங்கே கீரை ஆய்கிறவர்கள் உண்டு, பூக் கட்டுகிறவர்கள் உண்டு, முன்பின் தெரியாத அக்கா "திரும்பும்மா, பின்னாடி ஒரு கத்தை விட்டுப்போச்சு" என்று தானாகவே சொருகிவிடுவார். தாம்பரத்துக்கு அப்புறம் கையைத் தூக்கவே இடம் இருக்காது, அதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. என் தலைக்கு இப்போது மூன்று நிமிடம்தான். என் காலையைச் சாப்பிடுவது என் மகளின் தலை. அவள் பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, காதுக்குப் பின்னால் ரிப்பன் வைத்துக் கட்டியே ஆக வேண்டும். ரிப்பன் நிறம் அவர்கள் சொல்வது. வகிடு கோணினால் டைரியில் குறிப்பு வரும். பேன் பரவாமல் இருக்க முடியைக் கட்டி வைப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஒற்றைப் பின்னலில் பேன் பரவுமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன், "ஒழுக்கம் மேடம்" என்று பதில் வந்தது. பையன்களின் ஒழுக்கத்துக்கு மாதம் ஒருமுறை சலூன், பெண் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்குத் தினமும் அம்மாவின் கால் மணி நேரம். அம்மா என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் அந்த ரிப்பனைக் கட்டத் தெரிந்த அப்பா ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார், ஒரு பின்னல் மேலேயும் ஒன்று கீழேயும் போய் முடிந்தது, பிள்ளை அழுதாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகச் சொல்லியிருக்கிறேன்.

இதில் வேறொரு விஷயமும் இருக்கிறது, உங்களுக்கும் பொருந்தும். தலைக்குக் குளித்த ஈரத்தோடு பள்ளிக்கூடப் பின்னலை இறுக்கிக் கட்டி அனுப்புவோம். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், இழுத்தால் அறுந்துவிடும். ஈரத்திலேயே கட்டி மூடினால் நாற்றமும் வரும். ஆகவே வேலை நாளில் காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள், முந்தின நாள் சாயங்காலம் குளித்துக் காயவைத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். தினமும் நெற்றியோரம் சுண்டியிழுத்துக் கட்டினால் அங்கே முடி மெல்லப் பின்வாங்கும், டிராக்‌ஷன் அலோபீசியா என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் விட்டால் வேரே போய்விடும். கண்ணாடியில் பார்க்கும்போது நெற்றியோரத் தோல் இழுபட்டுத் தெரிந்தால், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், ரயில் போனாலும் பரவாயில்லை.

கிளட்ச் வாங்கும்போது பல் நுனி மழுங்கியிருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பாருங்கள், ஸ்பிரிங்கை நாலு தடவை அழுத்திப் பாருங்கள். முன்முடிக்குச் சின்னது போதும், உங்கள் முடி முழுவதையும் அடக்க அது பத்தாது, அதற்கு உள்ளங்கை அகலத்தில் வாங்குங்கள். கைப்பையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும், யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு பல்லாவரத்தில் இறங்கிவிடுவார்கள்.