கருப்பை வாய்ப் புற்றுநோயும் நோய் எதிர்ப்பு செல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எச்பிவி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?

அப்படியெல்லாம் இல்லை. எச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ். பாலுறவு வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலானோரை அது ஒரு முறையாவது தொற்றாமல் விடாது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது அடங்கிவிடுகிறது. அடக்குவது முக்கியமாக டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள். பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் வேலை முடிந்துவிடும். அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் வைரஸ்தான் சிக்கல், அதிலும் குறிப்பாக 16, 18 ஆகிய இரண்டு வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால் வருவது. ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

சளி, காய்ச்சல் வைரஸை ஒரு வாரத்தில் விரட்டும் உடல், இதை மட்டும் ஏன் மாதக்கணக்கில் விட்டுவைக்கிறது?

நல்ல கேள்வி. விஷயமே இங்கேதான் இருக்கிறது. இந்த வைரஸ் ரத்தத்தில் கலப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு வழியாக மேல்தோலின் அடியடுக்கு செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. செல்லை வெடிக்கவும் வைப்பதில்லை. எப்படியும் உதிரப் போகிற மேலடுக்கு செல்களில்தான் புது வைரஸ்களை உண்டாக்குகிறது. சேதம் இல்லை, வீக்கம் இல்லை, எனவே எதிர்ப்பு மண்டலத்துக்கு அபாயச் செய்தியும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

அது போதாதென்று வேறு சில தந்திரங்களும் உண்டு. மேல்தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள்தான் அந்நியப் புரதத்தைப் பிடித்து டி செல்களிடம் காட்ட வேண்டியவை. அவை பக்கத்து செல்களைப் பற்றிக்கொண்டு அங்கே தங்க உதவும் ஒட்டுப் புரதத்தை வைரஸின் இ7 என்ற புரதம் குறைத்துவிடுகிறது. தொற்று நீடிக்கும் இடத்தில் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. இ5 என்ற இன்னொரு புரதம், 'உள்ளே வைரஸ் இருக்கிறது' என்று செல் தன் மேற்பரப்பில் காட்டும் அடையாள மூலக்கூறுகளை உள்ளேயே நிறுத்திவைக்கிறது. அடையாளம் இல்லாத செல்லைக் கொல்வதற்கென்றே என்.கே. செல்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றைச் சமாதானப்படுத்தும் அடையாளங்களை மட்டும் இ5 தொடாமல் விட்டுவிடுகிறது! பல ஆண்டுகளாக இதைப் படித்தும் இந்த நுணுக்கம் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் வைரஸின் இ6, இ7 புரதங்கள் இரண்டும் பி53, ஆர்பி என்ற கட்டுப்பாட்டுப் புரதங்களை முடக்குகின்றன. அப்புறம் செல் பிரிவதற்குத் தடை இல்லை, மரபணுப் பிழைகள் சேர ஆரம்பிக்கும். ஆரோக்கியமான உடலில் இது புற்றுநோய் வரை போக பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டிக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் நிறைய இருப்பதாக எழுதியிருக்கிறது. நல்லதுதானே?

எந்த செல், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. கொல்லும் திறன் உள்ள சிடி8 டி செல்கள் கட்டிக்குள் ஊடுருவியிருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அதிகமாக இருந்தால் அவை சிடி8 செல்களையே அடக்கி வைக்கும். 2025 மருத்துவ நோபல் பரிசு இந்த வகை செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் தரப்பட்டது.

மேக்ரோஃபேஜ்கள் கதை இன்னும் விசித்திரம். தொற்றை விழுங்க வந்தவற்றைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதன்பின் அவை புது ரத்தக் குழாய்கள் வளர உதவும் பொருளையும், டி செல்களைத் தணிக்கும் பொருளையும் சுரக்கின்றன. எனவே வெறும் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: புற்றுநோய் இல்லாதவர்களின் ரிப்போர்ட்டில் 'நாள்பட்ட அழற்சி' என்று இருப்பது மிகச் சாதாரணம். அதை மட்டும் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 27 வயது. சிஐஎன் 2 (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தில் நடுத்தர நிலை) என்கிறார்கள், ஆனால் டாக்டர் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்கிறார். சரியா?

உங்கள் வயதில் சரியான யோசனையே. கண்காணிப்பில் வைக்கப்பட்ட சிஐஎன் 2 மாற்றங்களில் சுமார் பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகச் சரியாகின்றன. டி செல்கள் மேல்தோலுக்குள் நுழைந்து வேலை செய்வதால்தான். ஆனால் கண்காணிப்பைத் தவறவிடக் கூடாது. அதற்கும் அடுத்த நிலையான சிஐஎன் 3 என்றால் கதை வேறு, அதற்குச் சிகிச்சை தேவை.

எச்ஐவி உள்ளவர்களுக்கு இது ஏன் அதிகம் வருகிறது?

எச்ஐவி தாக்கி, மற்ற எதிர்ப்பு செல்களுக்குத் துணைநிற்கும் சிடி4 டி செல்கள் குறைந்தால் சிடி8 செல்களுக்கும் துணை இல்லாமல் போகிறது, எச்பிவி தங்கிவிடுகிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15–20 ஆண்டுகள் ஆகும் பயணம் 5–10 ஆண்டுகளில் முடிந்துவிடலாம். அதனால்தான் பொதுவாக 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை இவர்களை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். எச்ஐவி மருந்துகளைத் தவறாமல் எடுப்பதும் இதற்கு உதவும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

ஒரு முறை தொற்று வந்து போய்விட்டது. இனி தடுப்பூசி எதற்கு?

இயற்கைத் தொற்றில் உருவாகும் ஆன்டிபாடி குறைவு, பலருக்கு உருவாவதே இல்லை. தடுப்பூசி அதைவிடப் பல மடங்கு உண்டாக்கும். உங்களுக்கு இன்னும் வராத வகைகளையும் தடுக்கும். ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்ட வைரஸை மட்டும் அது ஒன்றும் செய்யாது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை ஏதாவது சொல்லுங்களேன்.

எச்பிவியை விரட்டும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். புகைப்பழக்கம் கருப்பை வாயில் லாங்கர்ஹான்ஸ் செல்களைக் குறைக்கிறது.

முற்றிய நிலையில் இம்யூனோதெரபி என்கிறார்கள். அது எப்படி வேலை செய்யும்?

கட்டி செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, டி செல்லின் பிடி-1 என்ற தடுப்பு விசையை அழுத்திவிடுகின்றன. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி மருந்து அந்த அழுத்தத்தை மறிக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது, இப்போது கீமோவோடும் சேர்த்துத் தருகிறார்கள். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. யாருக்குத் தரலாம் என்று பார்க்கப் பல சமயம் பிடி-எல்1 பரிசோதனை செய்வார்கள். தடை நீங்கிய டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். ஊசி நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும்கூட இது வரலாம். விடாத வயிற்றுப்போக்கோ மூச்சுத் திணறலோ வந்தால், 'ஊசிதான் முடிந்துவிட்டதே' என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.