காலிக் கட்டமும் சைபரும் ஒண்ணு இல்ல

அக்கா வணக்கம்,

நான் ஜர்னலிசம் படிச்சிட்டு ஒரு பத்திரிகைல சப் எடிட்டரா இருக்கேன். இப்ப போர், பஞ்சம்னு நெருக்கடி இருக்குற இடங்கள்ல மருத்துவ உதவி செய்யுற ஒரு அமைப்புல ரிப்போர்ட்டிங் ஆபீசர் வேலைக்கு செலக்ட் ஆகியிருக்கேன். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் மனசு ஒட்டல. வேலை விவரத்த படிச்சா சிட்ரெப் (களத்துல இப்ப நிலைமை என்னன்னு சொல்ற ரிப்போர்ட்), மாசாந்திர ரிப்போர்ட், டோனர் ரிப்போர்ட் (பணம் குடுக்குறவங்களுக்கு எழுதுறது), டெட்லைன், இதுதான் முழுக்க. டாக்டரும் நர்ஸும் உயிரக் காப்பாத்துவாங்க, நான் ஒரு ரூம்ல உக்காந்து எக்செல்ல கட்டம் ரொப்பிட்டு இருப்பேனா? அங்க கொஞ்ச நாள் இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தன் வேற "டோனருக்குப் பிடிச்ச மாதிரி எழுதுறதுதான்டா வேலையே"ங்குறான். அது உண்மைன்னா எனக்கு இந்த வேலை வேணாம். மருத்துவம் தெரியாத ஆளு இதுல என்னதான் கத்துக்கணும்? நீங்க இந்த வேலைல இருந்தவங்கங்குறதால கேக்குறேன். பேர் மட்டும் போடாதீங்க.

தம்பி,

உங்க ஃப்ரெண்ட் சொன்னதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொல்றது முழுப் பொய் இல்ல, அந்த அழுத்தம் இருக்கு. ஆனா யாரும் வந்து பொய் எழுதுன்னு சொல்லமாட்டாங்க, "இந்த பாராவ கொஞ்சம் பாசிட்டிவா மாத்துங்களேன்", "இந்த நம்பர மேல கொண்டு வாங்க, அது கீழ இருக்கட்டும்", இப்படித்தான் வரும், அதுவும் டெட்லைனுக்கு முந்தின நாள் ராத்திரி. அந்த நேரத்துல உங்களுக்கு அந்த நம்பருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நிப்பீங்க, தெரியலன்னா மாத்திக் குடுத்துருவீங்க.

உதாரணம் சொல்றேன். ரொம்ப மெலிஞ்சு போன குழந்தைங்களுக்கு சிகிச்சை குடுக்குற திட்டம் நெருக்கடி நடக்குற முக்கால்வாசி இடத்துல இருக்கும். ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தையோட மேல்கையச் சுத்தி ஒரு டேப் வச்சு அளப்பாங்க, 115 மில்லிமீட்டருக்குக் கீழ வந்தா உடனே சேத்துக்கணும். திட்டம் ஒழுங்கா போகுதான்னு பாக்க ஸ்பியர்ங்குற, நெருக்கடி கால உதவிக்கான குறைந்தபட்ச அளவுகோல் கையேட்டுல அளவு குடுத்திருக்காங்க, சிகிச்சை முடிஞ்சு கணக்குலேர்ந்து வெளிய போற குழந்தைங்கள்ல குணமானவங்க 75 சதவீதத்துக்கு மேல இருக்கணும், இறப்பு 10க்குக் கீழ, பாதியில நின்னவங்க 15க்குக் கீழ. இப்ப ஒரு மாசத்துல 100 குழந்தைங்க வெளிய போயிருக்கு, அதுல 78 குணம், 4 இறப்பு, 18 பாதியிலயே வராம நின்னுடுச்சுன்னு வச்சுக்கங்க. முதல் ரெண்டு நம்பரும் நல்லாருக்கு. "78 சதவீதம் குணம்"னு தலைப்பு போட்டு அனுப்பினா ஒரு பொய் கூட அதுல இல்ல. ஆனா அந்த 18 குழந்தைங்க எங்க? வீட்டுலயே இறந்து போன குழந்தையும் நம்ம ஏட்டுல "வரவில்லை"ன்னுதான் இருக்கும். அப்ப அந்த 4 இறப்புங்குறதே உண்மைல எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. நீங்க அந்த கிளினிக்குக்கு போன் போட்டு ஏன் நின்னாங்கன்னு கேட்டா நர்ஸ் சொல்லுவாங்க, நடந்து வர அரை நாள் ஆகுது, வழியில செக்போஸ்ட்ல நிறுத்தி வச்சுடுறாங்க, மத்த பிள்ளைங்கள பாத்துக்க ஆள் இல்ல. அத ரெண்டே வரியில எழுதி, பக்கத்துல "வாரம் ஒரு தடவ நடமாடும் டீம் போனா இதுல பாதிய திருப்பிக் கொண்டு வரலாம்னு களப்பணியாளர்கள் நினைக்கிறாங்க"ன்னு சேத்து அனுப்புனீங்கன்னா அது டோனருக்குப் பிடிக்காத ரிப்போர்ட்டா? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் டோனர் ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறவங்க பலரும் இதத்தான் எதிர்பாக்குறாங்க. பட்ஜெட்ட ஒரு தலைப்புலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கறதும், கூடுதல் பணம் இல்லாம திட்டக் காலத்த நீட்டிக்கறதும் சாதாரணமா நடக்குற விஷயம், முன்கூட்டியே சொன்னா. எல்லாம் நல்லாருக்குன்னு பதினோரு மாசம் எழுதிட்டு பன்னெண்டாவது மாசம் கை விரிச்சாத்தான் கோவப்படுவாங்க.

இப்ப எக்செல் கட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு கிளினிக்கும் வாரா வாரம் ஒரு படிவம் அனுப்பும், திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் எத்தன வயித்துப்போக்கு, எத்தன மலேரியா, நிமோனியா, தட்டம்மை சந்தேகம், இறப்பு, அஞ்சு வயசுக்குக் கீழ எவ்வளவு மேல எவ்வளவுன்னு. ஒரு கிளினிக்லேர்ந்து தட்டம்மை கட்டம் மட்டும் காலியா வருது. அங்க கேஸே இல்லையா, இல்ல எழுதுற ஆளு காய்ச்சல்ல படுத்துட்டாரா, நெட்வொர்க் இல்லையா, இல்ல கூட்டம் தாங்காம ஏட்ட தொடக்கூட நேரம் இல்லாம போச்சா? எக்செல்லுக்கு அதெல்லாம் தெரியாது, காலிய சைபராத்தான் கூட்டும். கிராஃப்ல கோடு கீழ இறங்கும், தலைமை ஆபீஸ்ல பாக்குறவங்க தட்டம்மை குறைஞ்சிடுச்சுன்னு நிம்மதியாவாங்க. முகாம்ல தட்டம்மை மாதிரின்னு ஒரே ஒரு கேஸ் வந்தாலே எச்சரிக்கை மணி அடிக்கணும், ஆறு மாசத்துலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு தடுப்பூசி போட்டு 95 சதவீதத்தத் தொடணும், ஒரு வாரம் தள்ளிப்போனா அந்த வாரத்துல எத்தன குழந்தைக்கு ஒட்டிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால அந்தக் காலிக் கட்டத்தப் பாத்ததும் போன எடுக்குற ஆளுதான் ரிப்போர்ட்டிங் ஆபீசர். பதில் கிடைக்கலன்னா சைபர் போடக்கூடாது, "12 கிளினிக்ல 9லேர்ந்துதான் தகவல் வந்துச்சு"ன்னு நம்பருக்குப் பக்கத்துலயே எழுதணும், அடிக்குறிப்புல இல்ல.

மருத்துவம் தெரியாதேன்னு பயப்படாதீங்க, ஆனா கணக்குல கீழ இருக்குற எண், அதாவது மொத்தம் எத்தன பேர்னு வச்சு வகுக்குறோமோ அந்த எண், எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குற பழக்கம் கண்டிப்பா வேணும். 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 1 இறப்ப தாண்டினா அது அவசரநிலை, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல 2, இது ரொம்ப காலமா புழக்கத்துல இருக்குற வரம்பு. ஒரு முகாம்ல ஒரு வாரத்துல 30 இறப்பு. ரேஷன் பட்டியல்படி 40,000 பேர்னா வரம்பத் தாண்டிட்டோம், 1.07 வரும். இல்ல, பதிவு பண்ணாம புதுசா வந்தவங்களையும் சேத்தா 60,000 பேர்ன்னு இன்னொருத்தர் சொல்றார், உடனே 0.71 ஆயிடுச்சு, எல்லாரும் மூச்சு விடுவாங்க. செத்தது அதே 30 பேர். அதுலயும் அந்த 30 ஆஸ்பத்திரி ஏட்டுல இருக்குற இறப்பு மட்டுமா, கூடாரத்துல இறந்து அப்படியே புதைச்சவங்களும் சேந்தாங்களான்னு கேக்கணும். பல இடத்துல புதைகுழிய எண்ணுறதுக்குன்னே ஆள் போடுறது இதுக்காகத்தான். உங்க பத்திரிகை மூளை இங்கதான் உதவும், "இத உங்களுக்கு யார் சொன்னா, அவங்களுக்கு எப்படித் தெரியும்"னு கேக்குறதுதானே உங்க தொழில்.

அதே மாதிரி காலரா. சிகிச்சை ஒழுங்கா கிடைச்சா வந்தவங்கள்ல 1 சதவீதத்துக்கும் குறைவாத்தான் இறப்பாங்க. 3 சதவீதம்னு வந்தா ஆளுங்க ரொம்ப லேட்டா வந்து சேர்றாங்களா, ராத்திரில சலைன் ஏத்த ஆள் இல்லையா, ஸ்டாக் தீந்துடுச்சான்னு கேட்டுட்டுத்தான் அந்த நம்பர எழுதணும். இதெல்லாம் மருத்துவக் கல்லூரிக்குப் போய் படிக்க வேண்டியதில்ல. முதல் மாசமே ஒரு கிளினிக்ல காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஏடு எழுதுறவங்க பக்கத்துல உக்காருங்க, எந்த நோய எதுன்னு எப்படி முடிவு பண்றாங்கன்னு கேஸ் டெஃபினிஷன மனப்பாடமா தெரிஞ்சுக்கங்க. தகவல் சேகரிக்க உதவுற கோபோ, டிஹெச்ஐஎஸ்2 மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் ரெண்டு வாரத்துல கைக்கு வந்துடும், அது பெரிய விஷயம் இல்ல. ஆனா உங்க படிவத்துல புதுசா ஒரு கட்டம் சேக்குறதுக்கு முன்னாடி ஒண்ண யோசிங்க, நாள் முழுக்க நோயாளிங்களப் பாத்துட்டு டார்ச் வெளிச்சத்துல அத ரொப்பப் போறது ஒரு நர்ஸ். அந்தத் தகவல வச்சு யாரும் எந்த முடிவும் எடுக்கப் போறதில்லன்னா அந்தக் கட்டத்த எடுத்துடுங்க.

எழுதாம விட வேண்டியதும் இருக்கு, அத நான் அழுத்தி சொல்லணும். பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க 72 மணி நேரத்துக்குள்ள வந்தா ஹெச்ஐவி தடுப்பு மருந்து குடுக்கலாம், அதனால எத்தன பேர் நேரத்துக்கு வந்தாங்கன்றது முக்கியமான நம்பர். ஆனா "இந்த ஊர், இந்த வாரம், 14 வயசு, 1 கேஸ்"ன்னு நீங்க போட்டா பேரே போட வேண்டாம், ஊருக்கே தெரிஞ்சுடும். ரிப்போர்ட் எப்பவும் நீங்க அனுப்புன ஆளோட நிக்காது, ஃபார்வர்டு ஆகிட்டே போகும். மாவட்ட அளவுல, மூணு மாசத்துக்கு சேத்து போடுங்க. ஆஸ்பத்திரி மேல தாக்குதல் நடந்தாலும் இப்படித்தான், எத்தன மணிக்கு, எது இடிஞ்சுச்சு, எந்த சிகிச்சை நின்னு போச்சு, எத்தன பேர் வேற இடத்துக்குப் போனாங்க, இதெல்லாம் உடனே எழுதுங்க, யார் அடிச்சாங்கன்றத மட்டும் கண்ணால பாத்த ஆதாரம் இல்லாம எழுதாதீங்க, நீங்க எழுதுன ஒரு வரிக்காக அங்க இருக்குற ஆம்புலன்ஸ் டிரைவர் பதில் சொல்ல வேண்டி வரும். 2016 மே மாசம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் மருத்துவப் பணி மேல நடக்குற தாக்குதல கண்டிச்சு 2286ங்குற தீர்மானம் போட்டுச்சு. அந்த மாதிரி ஒரு தீர்மானத்துக்குப் பின்னாடி எங்கேயோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து தேதியும் நேரமும் சரியா எழுதி வச்ச ஆளுங்க இருக்காங்க தம்பி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்ப 1971ல ஆரம்பிச்சவங்க டாக்டர்களும் பத்திரிகைக்காரங்களும் சேந்துதான். பாத்தத வெளிய சொல்றதும் வைத்தியத்தோட சேந்த வேலைன்னு அவங்க நினைச்சாங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட மூணு விஷயம் கேளுங்க. மாசத்துல எத்தன நாள் ஃபீல்டுக்குப் போகலாம், கிளினிக்ல இருக்குறவங்ககிட்ட நானே நேரடியா பேசலாமா, நான் எழுதி முடிச்ச பிறகு நம்பர மாத்த யாருக்கு அதிகாரம் இருக்கு, மாத்தினா எனக்குத் தெரியுமா. மூணாவது கேள்விக்கு மழுப்பினாங்கன்னா விட்டுடுங்க, இதே வேலை வேற அமைப்புலயும் இருக்கு. நேரா பதில் சொன்னாங்கன்னா போய் சேருங்க, சேந்துட்டு எந்த ஊர்ல போட்டிருக்காங்கன்னு எழுதுங்க.