அப்பல்லோ அப்லிங்க்: 5 பிட் போதாது

நண்பரே, அப்பல்லோ விண்கலக் கணினிக்குத் தரையிலிருந்து வானொலி வழியே கட்டளை அனுப்புவதை (அப்லிங்க்) போலச் செய்யும் உங்கள் சிமுலேட்டர் ஏன் முதல் சாவியிலேயே (விசைப்பலகைப் பொத்தான்) பூட்டிக்கொள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வெறும் 5 பிட் சாவிக் குறியீட்டை அனுப்புவதால்தான். ஹூஸ்டன் தரைக்கட்டுப்பாடு ஒவ்வொரு சாவியையும் 16 பிட்டாக அனுப்பியது: முன்னால் ஒரு 1, பிறகு குறியீடு, அதன் தலைகீழ் (0-க்கு 1, 1-க்கு 0), மறுபடி அதே குறியீடு. எண் 1 என்றால் 1 00001 11110 00001. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கணினி கதவைச் சாத்திவிடும், அதாவது மேற்கொண்டு எதையும் ஏற்காது. ரீசெட் சாவி (10010, இதுவும் அதே முறையில்) வந்தால்தான் திறக்கும்.

கட்டளைக்கலத்தில் வீரர்கள் முதலில் கணினியின் ஓய்வுநிலை நிரலான 00-க்குப் போய், அப்லிங்க் சுவிட்சை 'பிளாக்'கிலிருந்து (தடு) 'அக்செப்ட்'டுக்கு (ஏற்றுக்கொள்) தள்ள வேண்டும். உங்கள் கோடில் அந்தச் சுவிட்சே இல்லையே! பிறகு வெர்ப் 71 (வெர்ப் என்பது எண்ணால் குறிக்கும் கட்டளை) வழியாக விண்கலத்தின் புதிய இருப்பிட, வேக எண்கள் தற்காலிக இடத்தில் சேரும். விண்கலம் திருப்பி அனுப்பும் தரவில் (டெலிமெட்ரி) சரிபார்த்துவிட்டுத் தரைக்கட்டுப்பாடு வெர்ப் 33 அனுப்பினால்தான் அவை நடைமுறைக்கு வரும்.

நிரலையே மாற்றப் பார்க்காதீர்கள். 36,864 சொற்கள் கம்பியில் பின்னப்பட்டவை. அழித்தெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. 1971-இல் அப்பல்லோ 14-இன் அபார்ட் சுவிட்ச் (தரையிறக்கத்தைக் கைவிடும் பொத்தான்) மக்கர் செய்தபோது நிரலாளர் டான் ஐல்ஸ் எழுதிய மாற்றுவழிகூட இந்த அழித்தெழுதும் நினைவகத்தில்தான் கைவைத்தது. அதுவும் அப்லிங்கில் போகவில்லை. தரையிலிருந்து வானொலியில் வாசிக்க வாசிக்க, விண்வெளி வீரர் மிட்செல் கையால் தட்டினார்.