250 வருஷத்தில் என்ன வரலாறு?

வணக்கம் சார்,

நியூஜெர்சியில் இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஹெச்-1பி விசாவில் ஐ.டி. வேலைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன, கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறேன். மகள் இங்கேயே பிறந்தவள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷம். ஏதோ ஒரு கட்டாயப் பாடத்துக்காக அமெரிக்க வரலாற்று வகுப்பில் சேர்ந்தாள். இப்போது மேஜரையே, அதாவது முதன்மைப் பாடத்தையே, அதற்கு மாற்றப் போகிறாளாம். அமெரிக்காவின் அரசியல், சமூக வரலாறுதான் படிப்பேன் என்கிறாள்.

மனைவி அழாத குறை. எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான். இந்த நாட்டுக்கு மொத்தமே 250 வயசு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு அதைப் போல ஐந்து மடங்கு வயசு. இதில் வருஷக்கணக்காகப் படிக்க என்ன இருக்கிறது? தேதியும் பிரசிடெண்ட் பெயர்களும் போனிலேயே வருகின்றன. மிஞ்சிப்போனால் வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் அடித்துக்கொண்ட கதை. நமக்கு அதில் என்ன சார்? படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்? நீங்கள் பதில் எழுதினால் அவளிடமும் காட்டுவேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெட்டுவான் கோயிலையே எடுத்துக்கொள்வோம். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, பாதியில் விட்டுப் போன பாண்டியர் காலத்துக் கோயில். அதைச் செதுக்கியவர்களின் பெயர் என்ன, என்ன கூலி வாங்கினார்கள், ஏன் உளியைக் கீழே வைத்தார்கள் என்று எதுவும் நமக்குத் தெரியாது. ஊகிக்கலாம், அவ்வளவுதான். வயசில் நாம் ஜெயித்துவிட்டோம், சரி. கூலிக்காரனின் கணக்கு வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்?

உங்கள் மகள் படிக்கும் நாட்டில் அது கிடைக்கிறது. 1865 ஆகஸ்டில், அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் முடிந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரத்தில், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரிலிருந்து ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் டென்னசியில் இருந்த தன் பழைய எஜமானுக்குக் கடிதம் போடுகிறார். இவர் அடிமையாக இருந்தவர். திரும்பி வந்து வேலை செய், இனி நன்றாக நடத்துகிறேன் என்று எஜமான் எழுதியதற்குப் பதில் அது.

கடிதம் முழுக்க மரியாதை சொட்டுகிறது. நான் கிளம்புவதற்கு முன் இரண்டு முறை என்னைச் சுட்டீர்கள், ஆனாலும் உங்களுக்கு ஏதும் ஆகக் கூடாது என்றுதான் நினைத்தேன் என்கிறார். இங்கே மாதம் 25 டாலர் சம்பளம், சாப்பாடும் துணியும் தருகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மனைவி மாண்டியை ஊரில் ‘மிசஸ் ஆண்டர்சன்’ என்று அழைக்கிறார்கள் என்கிறார். பிறகு கணக்குக்கு வருகிறார். நான் உங்களிடம் 32 வருஷம் உழைத்தேன், மாண்டி 20 வருஷம். எனக்கு மாதம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர் என்று வைத்தால் 11,680 டாலர் ஆகிறது. இத்தனை நாள் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாங்கிக்கொடுத்த துணி, டாக்டர் மூன்று தடவை என்னைப் பார்த்தது, மாண்டிக்கு ஒரு பல் பிடுங்கியது, இதற்கான செலவைக் கழித்துக்கொண்டு பாக்கியை அனுப்பிவைத்தால் வருவதைப் பற்றி யோசிக்கிறோம். கடைசி வரியில், நீங்கள் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிய ஜார்ஜ் கார்ட்டருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கிய காசைக்கூட விடவில்லை மனுஷர்.

படித்துச் சிரித்துவிட்டு மூடிவைத்தால் அது இலக்கிய வகுப்பு. நான் அந்தப் பக்கத்து ஆள், எனக்கு அதுவே போதும். வரலாற்று வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அடிமையாக வளர்ந்தவருக்கு இப்படி எழுத வருமா? பத்திரிகையில் அச்சிட்டபோதே, அவர் சொல்லச் சொல்ல எழுதியது என்று போட்டிருக்கிறார்கள். பணத்தை யார் மூலம் அனுப்பச் சொல்கிறாரோ அந்த விண்டர்ஸ் ஒரு வங்கி முதலாளி. எழுதிக்கொடுத்ததும் அவராகவே இருக்கலாம். அப்படியானால் அந்த நக்கல் யாருடையது? ஆண்டர்சன் என்று ஒரு ஆள் நிஜமாகவே இருந்தாரா? இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேடிப் போக வேண்டும். டேட்டனில் அவர் குடும்பம் அகப்படுகிறது. ஆனால் போருக்கு முந்தைய 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது. எஜமான் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான் இருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்கள் பெயரோடு பதிவாவது 1870 கணக்கெடுப்பில்தான்.

11,680 என்ற எண்ணை உங்கள் போன் நொடியில் சொல்லிவிடும். அதை எதை வைத்து நம்பலாம், எதுவரை நம்பலாம் என்று முடிவு செய்யப் பழகுவதற்குத்தான் அந்த வருஷங்கள்.

வரலாற்றுத் துறையே நம்பத் தகாததாக இருந்த காலமும் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கொலம்பியா பல்கலைக்கழகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், போரில் தோற்ற தெற்கு மாநிலங்களைத் திருத்தியமைத்த மறுகட்டமைப்புக் காலத்தைப் பற்றி மாநிலம் மாநிலமாக ஆய்வு எழுதிக் குவித்தார்கள். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை தந்தது பெரிய முட்டாள்தனம், அவர்கள் பங்கேற்ற ஆட்சியெல்லாம் ஊழல் என்பதுதான் அதன் சாரம். ஆய்வு பாடப்புத்தகமானது, பாடப்புத்தகம் பொதுப்புத்தியானது. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பரான டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1935-ல் 700 பக்கத்துக்கு மேல் ஒரு மறுப்பு எழுதினார். தெற்கு மாநிலங்களில் எல்லோருக்குமான அரசுப் பள்ளிகளைக் கொண்டுவந்ததே அந்த ‘ஊழல்’ ஆட்சிகள்தான் என்று காட்டினார். பாடப்புத்தகங்கள் எப்படிப் பொய் சொல்கின்றன என்று கடைசியில் தனியாக ஒரு அத்தியாயம் வேறு. அமெரிக்க வரலாற்றாசிரியர்களின் முதன்மையான இதழ் அதற்கு மதிப்புரைகூடப் போடவில்லை. 1988-ல் எரிக் ஃபோனர் இந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பெரிய நூல் டன்னிங் தரப்பை ஏறக்கட்டியது. அவரும் கொலம்பியாவில் பேராசிரியராக இருந்தவர்தான். நடுவில் கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் நடந்திருந்தது. அதே ஆவணக் கட்டுகளை வேறு ஆட்கள், வேறு கேள்விகளோடு பிரித்தார்கள். பாடப்புத்தகச் சண்டைகள் நமக்கும் புதிதில்லையே.

சமூக வரலாறு என்று அவள் சொல்வதற்கும் ஓர் உதாரணம். இன்றைய மெய்ன் மாநிலத்தில் மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். இன்று மழை, இன்னார் வீட்டில் பிரசவம், இவ்வளவு கொடுத்தார்கள் என்பது மாதிரி. முன்னால் பார்த்த ஆய்வாளர்கள் பெண்பிள்ளை சமாசாரம் என்று தள்ளிவிட்டார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் அதை வரிவரியாக எண்ணினார். 816 பிரசவங்கள். ஓர் ஊரின் கடன், கல்யாணம், வழக்கு, பெண்களின் சம்பாத்தியம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

இனி, ‘நமக்கு அதில் என்ன’ என்ற கேள்வி. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது இங்கேதான். உங்கள் மகள் பிறந்தபோது நீங்கள் தற்காலிக விசாவில் இருந்திருப்பீர்கள். அவளுக்கு எப்படி அமெரிக்க பாஸ்போர்ட் கிடைத்தது? கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போருக்குப் பிறகு, விடுதலையானவர்களுக்காக, அந்தத் தீர்ப்பை உடைக்க 1868-ல் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் வந்தது. இந்த மண்ணில் பிறந்து இதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் எல்லோரும் குடிமக்கள். சீனர்களுக்கு நாட்டின் கதவை அடைத்திருந்த காலத்தில் வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர், சீனாவுக்குப் போய்விட்டு 1895-ல் திரும்பினார். துறைமுகத்திலேயே நிறுத்தினார்கள். வழக்கு போட்டு 1898-ல் ஜெயித்தார். குடியுரிமை பெறவே முடியாத பெற்றோரின் பிள்ளையானாலும் இங்கே பிறந்தால் குடிமகன் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் மகளின் பாஸ்போர்ட்டுக்கு அடியில் இருப்பது அந்தச் சமையல்காரரின் வழக்கு. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் போட்ட ஆணை, அதன்பின் தற்காலிக விசாக்காரர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளை இந்த உரிமையிலிருந்து விலக்கப் பார்த்தது. நீதிமன்றத்தில் இரு தரப்பும் எதைப் புரட்டின தெரியுமா? அந்தத் திருத்தத்தைப் பற்றி 1866-ல் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நடந்த விவாதங்களையும் 1898 தீர்ப்பையும்தான்.

உங்கள் கதைக்கும் வருகிறேன். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்ட பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கு, வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923-ல் குடியுரிமையை மறுத்தார்கள். 1946-ல் சட்டம் மாறியது, இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 இடம். அப்போதிருந்த பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து இந்தியர்கள் பெருமளவில் வர வழி திறந்தது 1965 குடிவரவுச் சட்டம். அதே 1965-ல்தான் அலபாமா மாநிலத்துச் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டுப் போன கறுப்பர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது, ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது, இரண்டு மாதத்தில் குடிவரவுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். இனத்தை வைத்து ஆளைப் பிரிக்கும் சட்டங்களை அந்தப் போராட்டம் கூச்சப்பட வைத்ததால்தான் உங்களுக்கும் எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கும் அங்கே வீடும் காரும். யாரோ அடிபட்டு வாங்கித் தந்ததை, அடித்துக்கொண்ட கதை என்று எழுதாதீர்கள்.

வேலையைப் பற்றி மழுப்ப மாட்டேன். முதல் சம்பளம் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவளுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வரலாறு முடித்தவர்கள் சட்டக் கல்லூரிக்குப் போகிறார்கள், அரசுத் துறை, பத்திரிகை, பள்ளி, ஆவணக் காப்பகம் என்று போகிறார்கள். பேராசிரியர் பணி அநேகமாகக் கனவு. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும் இடம் கிடைக்காமல் பி.எச்டி.யில் சேர வேண்டாம், கடன் வாங்கிச் சேரவே வேண்டாம். கம்ப்யூட்டர் சயன்ஸை விட்டுவிடாமல் இரண்டு மேஜராக எடுக்க முடியுமா என்று பாருங்கள். கோடிக்கணக்கான பழைய தாள்கள் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன, புரோகிராம் எழுதத் தெரிந்த வரலாற்றுக்காரருக்கு அங்கே வேலை உண்டு.

கடைசியாக உனக்கு ஒன்று, மா. இப்போது நீ உட்கார்ந்திருப்பது பெரிய அரங்கில் நடக்கும் அறிமுக வகுப்பாக இருக்கும். நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதில் யாருக்குமே பிடித்துப்போகும். மேஜர் மாணவர்களுக்கென்று சின்னக் கருத்தரங்கு வகுப்பு ஒன்று இருக்கும், மூல ஆவணங்களை வைத்து 20, 25 பக்கம் நீயே எழுத வேண்டியது. அடுத்த செமஸ்டரில் அதில் சேர்ந்து பார். பழைய கையெழுத்தைப் படித்துக் கண் வலித்தும் பிடித்திருந்தால் மாற்றிக்கொள். மாற்றுவதற்கு எப்போது கடைசித் தேதி என்று துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள், உன் அப்பா கேட்க மாட்டார்.